பொட்டுக்குப் பின்னால் இருந்த எண்

அக்டோபர் 8, புதன்

கம்ப்யூட்டர் திரையில் இருந்த சந்தனப் பொட்டு இன்று காலை தானாக உதிர்ந்துவிட்டது. கீபோர்டில் விழுந்த பொடியை ஊதிவிட்டு நிமிர்ந்தேன். பொட்டு இருந்த இடத்தில் 99.1 என்று இருந்தது.

99.5 இருக்க வேண்டும்.

ஆயுத பூசை அன்று, நான் வேலை செய்யும் பொரிப்பகத்தின் முதலாளி சாந்தாமணி அக்கா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். குஞ்சு பொரிக்கும் மெஷின், ஜெனரேட்டர், தராசு, முட்டைத் தட்டு தள்ளும் வண்டி, என் செல்லுக்குக்கூட. அக்காவின் பெருவிரல் அகலமானது. திரையில் இரண்டு எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும். ஒன்று நாங்கள் வைத்த சூடு, மற்றொன்று மெஷினுக்குள் இப்போது இருக்கும் சூடு. அக்கா வைத்த பொட்டு இரண்டின் கடைசி இலக்கத்தின் மேலும் சரியாக உட்கார்ந்துவிட்டது. பூசைப் பொட்டை நாங்கள் துடைக்க மாட்டோம். தானாக விழும்வரை விட்டுவிடுவோம். ஒரு வாரமாக நாங்கள் பார்த்ததெல்லாம் புள்ளிக்கு முன்னால் இருந்த எண் மட்டும்தான். புள்ளிக்குப் பிறகு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே 99.5 ஆக்கினார். "பொட்டு வெச்சப்ப கை பட்டிருக்கும் புள்ள" என்றார்.

எனக்கு அது மட்டும்தான் காரணம் என்று தோன்றவில்லை. சொல்லவில்லை.

போன தவணை முட்டைகளை ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தோம். பாதி பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் முழுதாக வளர்ந்து, முடி முளைத்து, ஓட்டுக்குள்ளேயே செத்துப் போயிருந்தன. நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்கள் எங்களிடம் முட்டை கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்துக் குஞ்சாக வாங்கிப் போவார்கள். பாவாயி அக்கா தன் கூடையைப் பார்த்துவிட்டுத் துணியால் மூடினார். பிறகு, "இன்னொரு தடவை வெக்கறேன் சாந்தா. இதும் இப்படியே போச்சுன்னா நாங்கெல்லாம் வேற எடம் பாத்துக்கறோம், கோவிச்சுக்காத" என்றார்.

அந்த இன்னொரு தடவை முட்டைகள்தான் திங்கட்கிழமையிலிருந்து உள்ளே இருக்கின்றன. எங்களிடம் இருப்பது இந்த ஒரே மெஷின்.

அக்டோபர் 9, வியாழன்

99.5. மதியமும் 99.5. தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் 99.8.

இந்தக் கம்ப்யூட்டர் மெஷினோடு சேர்ந்து வந்தது. மூடிப்போன ஒரு பெரிய பண்ணையிலிருந்து இரண்டையும் ஒன்றாக வாங்கினார்கள். உள்ளே எக்ஸ்பி என்ற பழைய விண்டோஸ். அதைச் செய்தவர்களே கைவிட்டுப் பல வருடமாகிறது. கம்ப்யூட்டரை மாற்றினால் மெஷினுக்குப் புதியது பேசுவது புரியாது. அதனால் அப்படியே வைத்திருக்கிறோம்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நான் மாமா என்று சொல்வேன், நேரில் அதிகம் சொன்னதில்லை. அவர் நாக்பூரிலோ ராய்ப்பூரிலோ இருந்துகொண்டு செல்லிலேயே சூட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அக்காவின் அண்ணன் மகன் கவின் இதே கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறான். ஈரோட்டில் காலேஜ் படிக்கிறான். வைத்த சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருந்தால் மாமாவுக்குப் பச்சை தெரியும். வேறாக இருந்தால் சிவப்பு. வைத்த சூடே மாறிவிட்டால்? அப்போதும் பச்சைதான். மாமா பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா இருவரையும் ஒரே போனில் ஸ்பீக்கரில் போட்டார். நான் அதே அறையில் கூமுட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"துடைக்கறப்ப கீபோர்டுல துணி பட்டிருக்கும் அத்தை" என்றான் கவின்.

"அந்த ரூமுக்குள்ள யாரு போறா வாரா?" மாமாவின் குரல்.

"நான் போறேன், பல்லி போகுது" என்றார் அக்கா. "ரெண்டுல யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"நான் வெளையாட்டுக்குக் கேக்கல சாந்தா. அந்தப் புள்ள என்னத்தையாவது நோண்டுதான்னு கேளு. கேட்டாலும் வாயத் தொறக்காது."

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசினார்.

ஒன்பதாம் வகுப்பில் கம்ப்யூட்டர் அறையிலிருந்து மவுஸ் ஒன்று காணாமல் போனது. கடைசியாக வெளியே வந்தது நான். டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டார். அது பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். அதற்கும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதற்கும் சம்பந்தமில்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறது.

அக்டோபர் 11, சனி

மாமா சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்று எனக்கே சந்தேகம் வந்தது. தினமும் துடைப்பவள் நான்தானே. அதனால் காலையில் சூட்டை 99.5 ஆக்கச் சொல்லிவிட்டு, கீபோர்டையும் மவுஸையும் கழற்றி, துண்டில் சுற்றி, அக்காவின் மேசை டிராயரில் வைத்தேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அறைச் சாவியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே பூட்டி வெச்சுக்க. எனக்கு எங்கியாவது போட்டுட்டுத் தேடறதே பொழப்பாப் போச்சு" என்றார்.

மாலையில் திறந்தேன். 99.2.

கீபோர்டே இல்லாமல்.

பயந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சிரிப்பு. திரையையும் காலியான மேசையையும் ஒரே படத்தில் வரும்படி செல்லில் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். முன்வாசலில் தீவனக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அப்ப பேயா புள்ள?"

தலையை ஆட்டினேன். இல்லை என்றும் ஆட்டினேன், தெரியாது என்றும் ஆட்டினேன்.

"பேயா இருந்தாலும் நம்ம கவினு வந்தாப் பயந்து ஓடிரும். வரச் சொல்றேன்."

அக்டோபர் 12, ஞாயிறு

கவின் பைக்கில் வந்தான். தலை கலைந்து, கண் சிவந்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரியே இருந்தான். கீபோர்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வெப்சைட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்பது வரிவரியாக ஓடியது. மாமாவின் செல் எப்போதாவது ஒரு வரி. மற்றதெல்லாம் வேறு. கவின் ஒரு வரியைத் தொட்டு, இன்னொரு வரியைத் தொட்டு, பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தை, திட்டக் கூடாது."

"திட்டறதா இல்லையான்னு அப்பறம் பாக்கலாம். சொல்லு."

"இது மனுசங்க இல்ல அத்தை. ரோபோ. நாம எதையாவது தேடுனா வருதில்ல, அதுக்காக உலகத்துல இருக்கற வெப்சைட்டையெல்லாம் படிச்சுக்கிட்டே சுத்தும்."

"அது எதுக்குடா நம்ம முட்டையப் படிக்குது?"

"படிக்கறதோட போனாப் பரவாயில்லீங்க. ஒரு பக்கத்துல எத்தனை லிங்க் இருக்குதோ அத்தனையும் தொட்டுப் பாக்கும். நான் சூட்டைக் கூட்டறதுக்கு ஒரு லிங்க், குறைக்கறதுக்கு ஒரு லிங்க் வெச்சிருந்தேன். தொட்டாலே மாறிரும். அது பாட்டுக்குப் படிச்சுருக்குது, சூடு பாட்டுக்கு மாறிருக்குது."

போன தவணையில் அது ராத்திரிகளில் 97 வரைக்கும் இறங்கி, 101க்கு மேலும் ஏறி, விடிவதற்குள் திரும்ப வந்திருக்கிறது. இறங்கிய நேரத்தில் ரோபோ எங்கோ வேறு நாட்டு வெப்சைட் படிக்கப் போயிருக்கும். இங்கே குஞ்சுகள் ஓட்டுக்குள் குளிர்ந்துகொண்டிருந்திருக்கும்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "ஒரு கோழி அடைக்கு உக்காந்தா இன்னொரு கோழியக் கிட்டயே விடாது. நீ என்னடான்னா ஊரு உலகத்தையே அடை உக்கார விட்டிருக்கற" என்றார்.

"பாஸ்வேர்டு வெச்சுத்தான் குடுத்தேன் அத்தை. மாமாதான், என் வெரலுக்கு அந்த எழுத்தெல்லாம் ஆகாது, எடுத்துருன்னாரு."

"அந்த ரோபோவுக்கு நம்ம வீடு எப்படித் தெரிஞ்சுது?"

அதற்கும் பதில் கிடைத்தது. மாமா ஆயுத பூசை அன்று, லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்கும் பொதுப் பக்கம் ஒன்றில், 'எங்க பொரிப்பகம், நேரலை' என்று பெருமையாக லிங்க் போட்டிருக்கிறார். கீழே நிறைய பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

யாருக்கும் எங்கள் மேல் பகையில்லை. பேயில்லை. நானுமில்லை.

கவின் நெட் கம்பியைப் பிடுங்கினான். அந்த நிமிடமே மாமாவிடமிருந்து போன். "பச்சையும் காணோம், செவப்பும் காணோம், என்னடா பண்ணுனீங்க?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மாமா லிங்க் பற்றி இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "சரி, என் தப்பும் இருக்குது. ஆனா கம்பியப் புடுங்கிட்டா நான் எப்படிப் பாக்கறது? மார்ச்சுல என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?" என்றார்.

மறக்க முடியாது. அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கரண்டு போய், ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு தாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் செல்லில் சிவப்பைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆட்களைப் போனில் எழுப்பி முட்டைகளைக் காப்பாற்றினார். அதனால் கம்பி வேண்டும். ஆனால் இந்தக் கம்பி வேண்டாம்.

"எக்ஸ்பியில ஓடற நல்ல பாதுகாப்பான சர்வர் ஒண்ணு பாத்து மாத்திரலாம் மாமா" என்றான் கவின். சர்வர் என்பது யார் வந்து கேட்டாலும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற புரோகிராமாம். ஓட்டல் சர்வர் மாதிரிதான். எங்களுடையது யார் என்ன சொன்னாலும் சமையலறைக்குள் விட்டுவிடுகிற சர்வர்.

அக்டோபர் 13, திங்கள்

கரு பார்த்தோம். முட்டையை விளக்கின் மேல் வைத்தால் உள்ளே தெரியும். சிவப்பு நரம்பு சிலந்திவலை மாதிரி பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. பாவாயி அக்காவின் தட்டைக் கடைசியாக எடுத்தேன். பயமாக இருந்தது.

பெரும்பாலும் நரம்பு. ஒன்றில் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. என் கை அசைந்ததும் அதுவும் அசைந்தது.

அக்டோபர் 15, புதன்

கவின் ஈரோட்டிலிருந்து செல்லில் எழுதி அனுப்புவான், நான் இங்கே செய்வேன். போனில் பேசச் சொன்னான். எழுதியே அனுப்பு என்றேன்.

முதலில் இப்போது எல்லாரும் பயன்படுத்துகிற புது சர்வர். அதை ஏற்றவே முடியவில்லை. இது இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றதல்ல என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

அடுத்து அதே சர்வரின் பழைய பதிப்பு. எக்ஸ்பிக்காகக் கடைசியாக வந்தது. ஏறியது, ஓடியது. எனக்குச் சந்தோஷம். சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் நெட் கம்பியை மாட்டினோம், லிங்க்குகளையெல்லாம் எடுத்துவிட்டு. ஆனால் அதிலிருக்கும் பூட்டு, அதாவது வழியில் யாரும் எட்டிப் பார்க்காமல் மூடுவது, பழைய காலத்துப் பூட்டாம். மாமாவின் செல் அதைப் பூட்டென்றே ஒத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்பானதல்ல என்று முழுத்திரைக்குச் சிவப்பு காட்டியது. மாமா சூடுதான் போய்விட்டது என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டு ஒரே ரகளை.

மூன்றாவது ரொம்பச் சின்னது. ஒரே ஒரு கோப்பு. பக்கத்தைக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. எனக்கு அதைப் பிடித்திருந்தது. ஆனால் அதில் பூட்டே இல்லை.

"மூணும் ஒத்து வரல" என்று எழுதினான் கவின். "நாளைக்கு எனக்குப் பரீட்சை. பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க குழு ஒண்ணு இருக்குது, உன்னயச் சேத்து விடறேன். நீயே கேளு."

"நானா?"

"எழுதறதுதானே. பேசச் சொல்லல."

கம்பியைத் திரும்பப் பிடுங்கிவிட்டேன். மாமாவுக்கு இப்போது நான்தான் படம் எடுத்து அனுப்புகிறேன். காலையில், மதியத்தில், வீட்டுக்குப் போகும்போது.

அக்டோபர் 16, வியாழன்

எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. பொட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் எவ்வளவு நீளம் என்று பார்த்தேன், வெட்கமாகப் போனது.

குழுவில் இரண்டு பேர் பெரிய பெரிய சர்வர் பெயர்களைச் சொல்லித் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டரை எடைக்குப் போடச் சொன்னார். மெர்சி என்று ஒருவர் மட்டும் என்னிடம் கேள்வி கேட்டார். கோவை கணபதியில் இருக்கிறாராம். லேத், எம்பிராய்டரி மெஷின்களோடு வந்த பழைய கம்ப்யூட்டர்களை ரிப்பேர் செய்கிறவர்.

"தாரணி, மாமா பாக்கணுமா, மாத்தணுமா?"

"இரண்டும் செய்துகொண்டிருந்தார்."

"செஞ்சுட்டு இருந்தது இருக்கட்டும்மா. எது இல்லாட்டி முட்டை செத்துப்போகும்?"

யோசித்தேன். "பார்ப்பது" என்று எழுதினேன். மார்ச்சில் அவர் இங்கே எதையும் மாற்றவில்லை. பார்த்தார், ஆட்களைக் கூப்பிட்டார்.

"அப்ப அந்த எக்ஸ்பிக்குச் சர்வரே வேண்டாம். அது வயசானது. வாசல்ல நிக்க வெச்சு வர்றவன் போறவனுக்கெல்லாம் பதில் சொல்லச் சொன்னா எப்படி? நீ எந்தச் சர்வரைப் போட்டாலும் அடியில இருக்கறது ஓட்டைதான்."

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மெஷின் புரோகிராமிலேயே நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைப் பிரிண்டருக்கு அனுப்பும் வசதி இருக்கும். அதைப் பிரிண்டருக்குப் பதிலாகக் கையகலத்தில் கிடைக்கும் ஒரு சின்னப் புதுக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அதில் இப்போதைய சர்வரும் இப்போதைய பூட்டும் ஏறும். வெளியில் நிற்பது அதுதான். இரண்டுக்கும் நடுவில் போகிற கேபிளில் ஒரு கம்பி பழைய கம்ப்யூட்டர் பேசுவதற்கு, ஒன்று அது கேட்பதற்கு, ஒன்று பொது. கேட்கிற கம்பியை வெட்டிவிட வேண்டும்.

"வெட்டிட்டா ரோபோ இல்ல, எவன் வந்தாலும் உங்க முட்டையத் தொட முடியாது. பழைய கம்ப்யூட்டர் சொல்லும். யாரு சொல்றதையும் கேக்காது."

நான் அதைப் பல தடவை படித்தேன்.

"ஆனா ஒண்ணு" என்று மெர்சி எழுதினார். "அப்பறம் மாமாவால அங்கிருந்து மாத்த முடியாது. அவசரம்னா போன் பண்ணுவாரு. அந்த ரூம்ல போன எடுத்து, அவர் சொல்றதக் கேட்டு, கையால மாத்த ஆள் இருக்கா? ஆள் இல்லேன்னா இந்த வழி வேண்டாம். வேற யோசிக்கலாம்."

'அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று அடித்தேன். அழித்தேன். அக்கா பாதி நேரம் தீவனக் கடையிலும் வங்கியிலும் இருப்பார். மெஷின் அறையில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

"இருக்கிறேன்" என்று அனுப்பினேன்.

"நீயா? சூப்பர்" என்றார் மெர்சி.

அக்டோபர் 17, வெள்ளி

ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து அம்மா உடம்பெல்லாம் மாவாக வந்தது. "என்னமோ கம்ப்யூட்டர் மாத்தறயாமா? சாந்தா சொன்னா" என்றது. நான் மாற்றவில்லை, கேட்டுத்தான் சொன்னேன் என்றேன். "கேக்கறதுக்கு வாய் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனது. அம்மா சிரித்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எழுந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முட்டை அறைக்குத்தான் போனேன். 99.5. பட்டாசு அதிர்ச்சி முட்டைக்கு ஆகாது என்று அக்கா தெருப் பிள்ளைகளையெல்லாம் கோயில் மைதானத்துக்குத் துரத்தியிருந்தார், முறுக்கு கொடுத்து.

மாமா வந்திருந்தார். கவின் காலேஜில் பயன்படுத்திய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கிறது. மெர்சி அனுப்பிய குறிப்பை நான் படிக்கப் படிக்க அவன் செய்தான். சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு வரியாகச் செல்லை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். "எனக்கும் படிக்கத் தெரியும், செல்லக் குடுத்துரேன்" என்றான். கொடுத்துவிட்டேன்.

கேபிளின் தோலை உரித்துக் கேட்கிற கம்பியைக் கண்டுபிடித்தோம். கவின் கத்தரிக்கோலை மாமாவிடம் நீட்டினான். "நீங்களே வெட்டுங்க மாமா. கடை தொறந்து வெக்கற மாதிரி."

மாமா வெட்டவில்லை. "இத வெட்டிட்டா நான் அங்கிருந்து ஒண்ணும் மாத்த முடியாதா?"

"முடியாது மாமா."

"அப்பறம் அவசரம்னா?"

"போன் பண்ணுங்க" என்றார் அக்கா. "தாரணி மாத்தும்."

"இது போன எடுத்துப் பேசுமா?" மாமா என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அக்காவைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பேசும்" என்றார் அக்கா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கம்பி வெட்டியிருந்தது. துண்டு மேசையில் கிடந்தது.

மாமாவின் செல்லில் பூட்டுச் சின்னத்தோடு பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு அவருடைய லாரி நம்பரோடு இன்னும் ஏதேதோ சேர்த்தது. ஒருமுறை போட்டால் அந்தச் செல் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, பார்க்க மட்டும். வைத்த சூடு மாறினாலும் இனிச் சிவப்பு காட்டும்படி கவின் திருத்தியிருக்கிறான். மாமா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பொதுப் பக்கத்துல போட்டீங்கன்னா பாருங்க" என்றார் அக்கா.

"நான் எதுக்குடி போடறேன்" என்றார் மாமா.

அக்டோபர் 22, புதன்

மாமா கிளம்பிவிட்டார். மதியம் என் செல்லுக்குக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அடித்து முடிந்ததும் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். பெருவிரல் படம் அனுப்பினார்.

அடுத்த தடவை எடுப்பேன்.

அக்டோபர் 24, வெள்ளி

முட்டைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். இனித் திருப்ப வேண்டியதில்லை. கடைசி மூன்று நாளுக்குச் சூட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அக்கா கை நிறைய முட்டையோடு, "98.8 வெச்சுரு புள்ள" என்றார்.

வைத்தேன். நான் அந்த எண்ணைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். கவினுக்கு எழுதினேன், மாமாவுக்குச் சிவப்பு காட்டாமல் இருக்க வெப்சைட்டிலும் 98.8 ஆக்கிவிட்டான்.

வெட்டிய கம்பித் துண்டு இன்னும் மேசையில் கிடக்கிறது. துடைக்கும்போது எடுத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

98.8. மெர்சி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். எண்ணையே அனுப்பினேன். "அதான் வேணும்" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

லீவு நாள். ஆனாலும் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு முட்டையில் மட்டும் நட்சத்திரம் மாதிரி விரிசல். காதை வைத்தால் உள்ளே கீச்சென்று கேட்டது. ஒன்றா பலதா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது பலது.

அக்டோபர் 27, திங்கள்

நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே பாவாயி அக்கா கூடையோடு வாசலில் நின்றார். வைக்கோல்கூடப் போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஆனால் கூடையைப் பின்னால் மறைத்த மாதிரி பிடித்துக்கொண்டார். போன தடவை பாதி காலியாகக் கொண்டுபோன கூடை.

மெஷின் கதவைத் திறந்ததும் சூடும் வாடையும் சத்தமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. தட்டு முழுக்கக் குஞ்சு. கறுப்பு, வெள்ளை, சாம்பல், கோடு போட்டது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விழுந்து, திரும்ப ஏறிக்கொண்டிருந்தன. ஈரமானவை ஓரத்தில் சுருண்டு கிடந்தன. பொரிக்காத முட்டைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"அட என்ற தங்கமே" என்றார் சாந்தாமணி அக்கா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு கையிலும் குஞ்சு.

பாவாயி அக்கா கூடையை முன்னால் கொண்டுவந்து நீட்டினார். "சாந்தா, அந்தக் கறுப்பு மொதல்ல. அது என்ற கோழி மாதிரியே இருக்குது பாரு, மொறைக்கறத."

நாங்கள் தட்டு தட்டாக வெளியே இழுத்தோம். கதவை மூடவே இல்லை. அப்போது என் செல் அடித்தது. மாமா.

அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் இடமில்லை. வழக்கமாக ஓடிப்போய் அவர் காதில் வைத்துவிடுவேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே திரும்பி, இன்னும் இரண்டு குஞ்சை அள்ளிக்கொண்டார்.

எடுத்தேன்.

"என்னாச்சு? 98.8 இருந்தது மளமளன்னு எறங்குது. செவப்பாயிருச்சு. கரண்டு போயிருச்சா? ஜெனரேட்டரு என்னாச்சு? அலோ? அலோ, யாரு?"

பின்னால் லாரிச் சத்தம். அணைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் அங்கே அவ்வளவு தூரத்தில், சிவப்பைப் பார்த்துக்கொண்டு, எதையும் மாற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"கதவு தொறந்திருக்குதுங்க மாமா" என்றேன். "கரண்டு இருக்குதுங்க. நாங்கதான் தொறந்தோம். குஞ்சு எடுக்கறோமுங்க."

அந்தப் பக்கம் லாரி ஓரமாக நிற்கிற சத்தம்.

"தாரணியா?"

"ஆமாங்க மாமா."

"பொரிச்சிருச்சா?"

செல்லைக் குஞ்சுத் தட்டுக்குள் நீட்டிப் பிடித்தேன்.